ஆசிரியர் கல்வியில் கணினி எழுத்தறிவு: இந்திய அனுபவத்தின் வரலாற்று நோக்கு

முன்னுரை

நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியை ஐந்து கூறுகளாக வகுத்துக் காண்கின்றது. நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை என்பன அவை. இவற்றுள் கற்பிக்கும் கருவிக்கெனத் தனியிடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளரும் நாடுகளின் கல்வித் திட்டங்களில் கருவி ஆறாவது கூறாக வந்து சேர்ந்தது. முதலில் தொலைக்காட்சி, பின்னர் கணினி, அதன்பின் இணையம் என அடுத்தடுத்து வந்த கருவிகள் பல இடங்களில் ஆசிரியரை முந்திக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தன. கருவி வந்த பின்னரே அதனைக் கையாளும் ஆசிரியரைப் பற்றிய எண்ணம் எழுந்தது.

இம்முன்பின் மாற்றம் ஆசிரியர் கல்வியில் விளைவித்த பயன்களை இந்திய அனுபவத்தின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 1975 முதல் 2020 வரையிலான நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆய்வெல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளன. கணினி எழுத்தறிவு என்னும் சொல் இங்குப் பொறியை இயக்கும் திறனை மட்டும் குறிக்கவில்லை. வேண்டிய செய்தியைத் தேடி எடுத்தல், அதன் தகுதியை ஆராய்தல், தம் வகுப்பிற்கு ஏற்பப் பாடப்பொருளை ஆக்குதல், ஆக்கியதைப் பிற ஆசிரியரோடு பகிர்தல் ஆகிய நான்கும் அதனுள் அடங்கும். இந்நான்கையும் ஆசிரியர் தம் தாய்மொழியில் செய்ய இயன்ற இடங்களிலேயே கணினி எழுத்தறிவு வேரூன்றியது என்பது இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்தாகும்.

செயற்கைக்கோள் வழிப் பயிற்சி: கேட்பவராக ஆசிரியர்

இந்தியாவில் மின்னணுக் கருவிவழி ஆசிரியர்ப் பயிற்சி கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை அதன் தொடக்கமாகும். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்குப் பெற்று, ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளில் அவை அமைந்தன.

இச்சோதனையின் ஒரு பகுதியாக, தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ 50,000 பேருக்கு அறிவியல் கற்பித்தலில் பயிற்சி தரப்பட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் இதற்கான பாடங்களை உருவாக்கியது. தொலைக்காட்சி நிகழ்ச்சியோடு வானொலிப் பாடம், அச்சிட்ட கையேடு, செய்முறை, குழு உரையாடல் ஆகியனவும் இணைக்கப்பட்டன. பயிற்சி நிறுவனத்தின் நிழலையே காணாத சிற்றூர் ஆசிரியரை ஒரே காலத்தில் சென்றடைந்த இம்முயற்சியின் அளவு அன்றைய வளரும் நாடுகளில் பெரிதாகப் பேசப்பட்டது.

எனினும் அதன் எல்லையும் தெளிவாகவே தெரிகின்றது. ஒளிபரப்பு ஒருவழிப்பட்டது. திரையில் தோன்றியவர் பேசினார், ஆசிரியர் கேட்டார். ஐயம் எழுந்தால் அருகிலிருந்த வழிநடத்துநரிடம் மட்டுமே கேட்க இயன்றது. ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் இடம் பெயர்ந்தது, சோதனையும் நின்றது. ஆயினும் இதன் பட்டறிவே 1984இல் மத்தியக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் உருவாவதற்கான அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. 1996இல் கர்நாடகத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் நடத்தப்பெற்ற இருவழித் தொலைக்காட்சிப் பயிற்சியில் ஆசிரியர் தம் வினாவைத் தொலைபேசி வழியே வல்லுநரிடம் கேட்கும் வாய்ப்பு ஏற்பட்டது. கேட்பவர் வினவுபவராக மாறுவதற்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

‘கிளாஸ்’ திட்டமும் அடுக்குமுறைப் பயிற்சியும்

பள்ளிகளில் கணினி நுழைந்தது 1984-85ஆம் கல்வியாண்டில் ஆகும். மத்தியக் கல்வி அமைச்சகமும் மின்னணுவியல் துறையும் இணைந்து ‘கிளாஸ்’ எனப்பட்ட பள்ளிக் கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கின. முதற்கட்டத்தில் ஏறத்தாழ 250 பள்ளிகள் தெரிவு செய்யப்பட்டன. ஆங்கில நாட்டில் உருவான பி.பி.சி. மைக்ரோ கணினிகள் அவற்றுக்கு வழங்கப்பட்டன. அக்கணினியின் பரவலான வகை 32 கிலோபைட்டு நினைவகமே கொண்டது. கணினி பற்றிய மருட்சியை மாணவரிடமிருந்து நீக்குதல் திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. உயர்கல்வி நிறுவனங்கள் வள மையங்களாக அமைந்து ஆசிரியர்க்குக் குறுகிய காலப் பயிற்சி தந்தன. 1993-94இல் இத்திட்டம் திருத்தியமைக்கப்பெற்று மேலும் பல பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

இத்திட்டத்தில் ஆசிரியரின் நிலை நோக்கத்தக்கது. கணினி ஒரு தனிப் பாடமாகவோ பாடம் சாராத செயற்பாடாகவோ வைக்கப்பட்டதால், பெரும்பாலும் கணிதம், அறிவியல் ஆசிரியருள் சிலரே பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். மொழி ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் இதற்குப் புறத்தே நின்றனர். மென்பொருளும் விசைப்பலகையும் ஆங்கிலத்தில் இருந்தமையால், தாய்மொழி வழிப் பள்ளியில் கணினி அறை அயல்மொழித் தீவாகவே விளங்கியது. பயிற்சி பெற்றவர் இடமாற்றம் பெற்றாலோ ஓய்வு பெற்றாலோ அத்தீவும் பூட்டப்பட்டது.

இதே காலத்தில் ஆசிரியர் கல்வியின் நிறுவன அமைப்பு விரிவடைந்தது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் ஏழு கிளைகளுள் கல்வித் தொழில்நுட்பமும் ஒன்றாக வகுக்கப்பட்டது. இதனால் கல்வித் தொழில்நுட்பம் ஆசிரியர் கல்விக்குள் அமைப்பு நிலையில் இடம் பெற்றது. ஆனால் அது தனிக் கிளையாகப் பிரிக்கப்பட்டதால், மொழி கற்பிப்போரும் கணிதம் கற்பிப்போரும் அதனைத் தம் பொறுப்பாகக் கருதாத நிலையும் உண்டாயிற்று.

பயிற்சி பெருமளவில் பரப்பப்பட்ட முறை அடுக்குமுறை எனப்படும். தேசிய அளவில் சிலர் பயிற்சி பெற்று மாநில அளவில் சிலருக்கு அளிப்பர். அவர்கள் மாவட்டத்திற்கும், மாவட்டத்தார் ஒன்றியத்திற்கும் அளிப்பர். 1986 முதல் 1989 வரை நடந்த பள்ளி ஆசிரியர்க்கான பெருந்திரள் புத்தொளிப் பயிற்சி, ஏறத்தாழ 17 லட்சம் ஆசிரியரை இம்முறையிலேயே சென்றடைந்தது. எண்ணிக்கையில் இது பெருஞ்செயலே. எனினும் ஒவ்வோர் அடுக்கிலும் செய்முறை குறைந்து சொற்பொழிவு மிகுவது அடுக்குமுறையின் இயல்பான குறையாகும். பல நூறு பக்கக் கையேடாகத் தொடங்குவது இறுதி அடுக்கில் ஒரு பிற்பகல் உரையாகச் சுருங்குவதுண்டு. ஆசிரியர் ஆகாதாருக்கு நன்னூலார் காட்டும் உவமைகளுள் கழற்குடமும் பருத்திக் குண்டிகையும் உள்ளன. பெய்த முறை பிறழத் தருவது முன்னது. அரிதின் முயன்று திணித்ததையும் எளிதில் வெளியே தராதது பின்னது. ஆசிரியர் ஒருவரின் குறைகளைச் சுட்ட எழுந்த இவ்வுவமைகள் அடுக்குமுறை என்னும் அமைப்புக்கே பொருந்தி வருகின்றன. கையால் பழக வேண்டிய கணினியைச் சொல்லால் மட்டும் கடத்த முயன்றபோது இக்குறை மேலும் பெருகியது.

ஒப்பந்த முறை: பார்வையாளராக ஆசிரியர்

2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினிக் கல்வி விரைந்து பரவியது. பன்னாட்டு நிறுவனங்கள் ஆசிரியர்ப் பயிற்சியில் இறங்கின. இன்டெல் நிறுவனத்தின் பயிற்சித் திட்டம் 2000இலும், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘சிக்ஷா’ திட்டம் 2003இலும் இந்தியாவில் தொடங்கின. 2004 திசம்பரில் நடுவண் அரசு பள்ளிகளில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. மாநிலங்கள் பல ‘கட்டி, உடைமையாய் வைத்து, நடத்தி, ஒப்படைத்தல்’ என்னும் ஒப்பந்த முறையைத் தழுவின. தனியார் நிறுவனம் கணினிகளை நிறுவும், பயிற்றுநரை அமர்த்தும், குறித்த ஆண்டுகள் நடத்தும், பின்னர் பள்ளியிடம் ஒப்படைக்கும். 2001இல் ஏறத்தாழ 1,000 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கப்பெற்ற கர்நாடகத்தின் ‘மாஹிதி சிந்து’ திட்டம் இவ்வகையினது.

கணினிகளை விரைந்து நிறுவவும் பழுது நீக்கவும் இம்முறை உதவியது என்பது மறுக்கற்பாலதன்று. ஆயினும் ஆசிரியர் கல்வி நோக்கில் இது பின்னடைவையே தந்தது. கணினி அறையின் திறவுகோல் ஒப்பந்தப் பயிற்றுநரிடம் இருந்தது. அவர் குறைந்த ஊதியத்தில் தற்காலிகமாகப் பணியாற்றியவர், பாடத்துறைப் பயிற்சி பெறாதவர். பாட ஆசிரியரோ தம் மாணவர் கணினி கற்பதை வாயிலில் நின்று காணும் பார்வையாளரானார். ஒப்பந்தம் முடிந்ததும் பயிற்றுநர் நீங்கினார். பழகிய கைகள் பள்ளியில் எஞ்சவில்லை, பழைய பொறிகளே எஞ்சின. பெங்களூரைச் சார்ந்த ‘ஐ.டி. ஃபார் சேஞ்ச்’ என்னும் அமைப்பு கர்நாடக முறையையும் கேரள முறையையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, ஆசிரியரை மையமாகக் கொண்ட ஒருங்கிணைந்த முறையே நிலைத்த பயன் தரும் என வாதிட்டது.

கர்நாடகத்தின் பின்னைய வரலாறு இவ்வாதத்திற்கு அரண் சேர்க்கின்றது. 2011 முதல் அம்மாநிலக் கல்வித்துறை பாட ஆசிரியர் மன்றங்களை அமைத்தது. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் கணினிவழி ஒருவரோடொருவர் தொடர்பு கொண்டு ஐயங்களையும் பாடக் குறிப்புகளையும் பகிர்ந்தனர். அதன் தொடர்ச்சியாகக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திறந்த கல்வி வளங்களின் தொகுப்பு உருவாயிற்று. பத்தாண்டுக்கு முன் வாயிலில் நின்ற ஆசிரிய இனமே பாடப்பொருளை ஆக்குவோராக மாறியது. மாநிலமும் மொழியும் மாறவில்லை, திட்டம் ஆசிரியருக்கு அளித்த இடமே மாறியது.

கேரளம்: ஆசிரியர் கையில் கணினி

பேராசிரியர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் கேரளத்தில் தொடங்கியது. இதன் தனிச்சிறப்பு பணியாளர் அமைப்பில் உள்ளது. தலைமைப் பயிற்றுநர்கள் பணியிலிருந்த பள்ளி ஆசிரியரிலிருந்தே தெரிவு செய்யப்பட்டனர். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் ஒருவர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். வெளிப்பயிற்றுநர் அமர்த்தப்படவில்லை. வகுப்பறையின் இடர்களை அறிந்த ஒருவர் அதே இடர்களை உடைய மற்றொருவருக்குக் கற்பித்தமையால், பயிற்சி உரைநிகழ்ச்சியாகக் குறுகாமல் தொழிற்கூடமாக அமைய வாய்ப்பு ஏற்பட்டது. பழுது நீக்கும் முகாம்களையும் ஆசிரியர்களே நடத்தினர்.

தொடக்கத்தில் பாடத்திட்டம் வணிக மென்பொருளைச் சார்ந்திருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரும் இதனை எதிர்த்தனர். பொதுப்பள்ளியின் பாடம் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளைக் கற்பிப்பதாக அமையலாகாது என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் வென்றது. 2005ஆம் ஆண்டை ஒட்டிப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் இடம்பெற்றது. தொடர்ந்த சில ஆண்டுகளில் பாடமும் தேர்வும் லினக்ஸ் அடிப்படையிலான கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. விலை மட்டும் இம்மாற்றத்தின் பயன் அன்று. மூல நிரல் திறந்திருந்தமையால் மென்பொருளின் பெயர்ப்பட்டிகளை மலையாளத்தில் ஆக்க முடிந்தது. வடிவியல் கற்பிக்கும் ‘ஜியோஜிப்ரா’ போன்ற மென்பொருள்களை எல்லாப் பள்ளிகளுக்கும் உரிமக் கட்டணமின்றிப் படியெடுத்து வழங்க முடிந்தது. ஆசிரியர் அவற்றைத் தம் வீட்டுக் கணினியிலும் நிறுவிப் பழக முடிந்தது.

2004 செப்டம்பர் 20இல் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளைப் பயன்படுத்தி ‘விக்டர்ஸ்’ கல்வி அலைவரிசை 2005 ஜூலையில் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமால் தொடங்கி வைக்கப்பட்டது. பின்னர் உருவான ‘ஸ்கூல் விக்கி’யில் ஆசிரியரும் மாணவரும் தம் பள்ளியின் வரலாற்றையும் ஊர்ச் செய்திகளையும் மலையாளத்தில் எழுதினர். திரையைக் கேட்டிருந்தவர் திரையில் எழுதுபவராக வளர்ந்த நிலை இது. 2017இல் இத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது.

மொழியின் இடம்

தமிழாய்வாளர் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாய்மொழியில் தட்டச்சு செய்ய இயலாத ஆசிரியர் எத்தனை பயிற்சி பெற்றாலும் கணினியில் நுகர்வோராகவே இருப்பார். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தன. ஒரு கணினியில் உருவான வினாத்தாள் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. பகிர்தல் என்னும் நான்காம் திறன் இதனால் முளையிலேயே தடைப்பட்டது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் அப்போது ஏற்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை அரசுப் பயன்பாட்டிற்கான தரமாக அறிவித்தது. கணினித்தமிழ் வரலாற்றில் இவை தொழில்நுட்ப நிகழ்ச்சிகளாகவே பெரிதும் பதிவு செய்யப்படுகின்றன. ஆசிரியர் கல்வி வரலாற்றிலும் இவற்றுக்கு உரிய இடம் தரப்படுதல் வேண்டும்.

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. அவற்றுக்கெனத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தமிழிலும் வெளியிடப்பட்டது. மலையாளம் பெரும்பான்மையாக வழங்கும் மாநிலத்தில் சிறுபான்மை மொழியாசிரியர் தம் மொழியிலேயே கணினியைக் கற்பிக்க இது துணை செய்தது. தமிழகத்திற்கு வெளியே தமிழ்க் கல்வியின் நிலையை ஆராய்வோர்க்கு இது குறிப்பிடத்தக்க சான்றாகும்.

பிற வளரும் நாடுகள்: சிலியும் பெருவும்

இந்திய அனுபவம் தனித்ததன்று என்பதை இரு தென்னமெரிக்க நாடுகள் காட்டுகின்றன. சிலி நாட்டின் ‘என்லாசெஸ்’ திட்டம் 1992இல் சிறு அளவில் தொடங்கி, தெற்கே தெமுக்கோ நகரின் லா ஃபிரன்தேரா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்தது. பல்கலைக்கழகங்கள் பள்ளி ஆசிரியர்க்கு ஈராண்டுக் காலம் தொடர்ந்து பயிற்சி அளித்தன. அத்திட்டத்திற்கென உருவான மென்பொருள் ஊர்ச்சதுக்கத்தின் வடிவில் அமைந்தது. அஞ்சலகத்தைத் தொட்டால் கடிதம் எழுதலாம், அருங்காட்சியகத்தைத் தொட்டால் பாடப்பொருளைக் காணலாம். கணினியை முன்பின் அறியாத ஆசிரியர்க்கு அவர் நன்கறிந்த ஊர்ச்சதுக்கமே வாயிலாயிற்று.

பெரு நாடு இதற்கு மறுதலையான வழியில் சென்றது. 2008 முதல் ‘குழந்தைக்கொரு மடிக்கணினி’ என்னும் கொள்கையின்படி 8 லட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. ஆசிரியர்க்குத் திட்டமிடப்பட்ட பயிற்சி 40 மணி நேரமே. அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 319 பள்ளிகளில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் மாணவர் அடைவு உயர்ந்ததற்குச் சான்று காணவில்லை. கருவியைக் கையாளும் பொதுத்திறன் சற்று வளர்ந்தது, பாடத் தேர்ச்சி வளரவில்லை. இதன் காரணங்கள் பலவாயினும், ஆசிரியரைக் கடந்து மாணவரை அடைய முயன்ற திட்டத்தின் எல்லையை இம்முடிவு உணர்த்துகின்றது.

கொள்கை மாற்றமும் 2020ஆம் ஆண்டின் சோதனையும்

கொள்கை அளவில் இந்தியா இவ்வுண்மையை உணர்ந்தே இருந்தது. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம், ஆசிரியரையும் மாணவரையும் நுகர்வோராக மட்டும் கருதாமல் ஆக்குநராகவும் கருத வேண்டும் என வலியுறுத்தியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின. அதையொட்டிய கலைத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பத்தை ஆராய்ந்து உணரும் தாள் ஒன்று சேர்க்கப்பட்டது. இயக்கக் கற்பதோடு நில்லாமல் ஆராயவும் கற்க வேண்டும் என்னும் நோக்கு ஆசிரியர் கல்விக்குள் இதனால் நுழைந்தது.

நடைமுறையோ எண்ணிக்கையின் வழியிலேயே சென்றது. பயிற்சி பெறாத ஆசிரியர் 2019 மார்ச்சு 31க்குள் தகுதி பெற வேண்டும் என 2017இல் சட்டம் திருத்தப்பட்டபோது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இணையவழியையும் இணைத்து ஏறத்தாழ 14 லட்சம் பேரைப் பட்டயப் படிப்பில் பதிவு செய்தது. 2017 செப்டம்பர் 5இல் ‘திக்ஷா’ தளம் தொடங்கப்பட்டது. 42 லட்சம் தொடக்கநிலை ஆசிரியரை இலக்காகக் கொண்ட ‘நிஷ்டா’ பயிற்சி 2019 ஆகஸ்டில் நேரடியாகத் தொடங்கி, 2020 அக்டோபரில் இணையவழிக்கு மாறியது. காணொளியைக் கண்டு, வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழ் பெறுதல் இவ்வகைப் பயிற்சியின் பொது வடிவமாகும். அடுக்குகள் நீங்கியதால் செய்தி திரிபடையாமல் சென்றது. அதே வேளையில், 1975ஆம் ஆண்டின் ஒருவழித் தன்மை புதிய வடிவில் மீண்டது என்பதையும் மறுத்தற்கில்லை.

2020 மார்ச்சில் தீநுண்மிப் பரவலால் பள்ளிகள் மூடப்பட்டபோது கருவியும் ஆசிரியரும் ஒருங்கே சோதிக்கப்பட்டனர். கேரளம் 2020 ஜூன் 1இல் விக்டர்ஸ் அலைவரிசை வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. தமிழ்வழி, கன்னடவழி மாணவர்க்கும் பாடங்கள் உருவாக்கப்பட்டன. பதினைந்தாண்டு அலைவரிசையும் பயின்ற ஆசிரியரும் இருந்தமையாலேயே இவ்விரைவு இயன்றது. கருவியில்லாத இல்லங்களின் துயரைப் பயிற்சி மட்டும் போக்கிவிடவில்லை என்பதும் உடன் கூறத்தக்கது. நாடு முழுமையையும் நோக்கின், 2023-24ஆம் கல்வியாண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி கணினி வசதியுள்ள பள்ளிகள் 57.2 விழுக்காடு, இணைய வசதியுள்ளவை 53.9 விழுக்காடு ஆகும். ஏறத்தாழ பாதிப் பள்ளிகளின் ஆசிரியர், தாம் பெற்ற இணையப் பயிற்சியைத் தம் பள்ளியில் செயற்படுத்த இயலாத நிலையிலேயே இருந்தனர்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. நாற்பத்தைந்து ஆண்டுகளில் இந்திய ஆசிரியர் கேட்பவர், பார்வையாளர், ஆக்குநர் என மூன்று நிலைகளில் வைக்கப்பட்டுள்ளார். இவை காலவரிசையில் ஒன்றையொன்று ஒழிக்கவில்லை, இன்றும் அருகருகே நிலவுகின்றன.

2. கருவியின் புதுமை ஆசிரியரின் நிலையைத் தானே உயர்த்துவதில்லை. செயற்கைக்கோளும் இணையமும் ஒரே வகை ஒருவழிப் பயிற்சிக்குப் பயன்பட்டுள்ளன.

3. பணியிலுள்ள ஆசிரியரே பயிற்றுநராகவும் கணினி அறையின் பொறுப்பாளராகவும் அமைந்த கேரளத்திலும், பாட ஆசிரியர் மன்றங்கள் அமைந்த பிற்காலக் கர்நாடகத்திலும் கணினி எழுத்தறிவு வேர்கொண்டது. சிலியின் அனுபவம் இதனோடு ஒத்துச் செல்கின்றது. பெருவின் அனுபவம் எதிர்நிலையில் நின்று இதனை உறுதி செய்கின்றது.

4. தாய்மொழியில் எழுதவும் பகிரவும் இயலும் நிலை கணினி எழுத்தறிவின் அடிப்படை. எழுத்துரு, விசைப்பலகை, ஒருங்குறி ஆகியவற்றின் வரலாறு ஆசிரியர் கல்வி வரலாற்றின் பகுதியாகவும் எழுதப்பட வேண்டும்.

பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கை ஆவணங்களில் எளிதாகக் கிடைக்கின்றது. பயிற்சிக்குப் பின் ஓர் ஆசிரியர் தம் மொழியில் ஆக்கிய பாடங்கள் எத்தனை, அவற்றைப் பிறர் எடுத்தாண்டது எவ்வளவு என்பதே கணக்கிடத்தக்க அளவுகோலாகும். தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் பணியாற்றும் தமிழாசிரியரிடையே இவ்வளவுகோல் கொண்டு கள ஆய்வுகள் நிகழ்த்தப்படுமாயின், நன்னூலார் வகுத்த ஐந்து கூறுகளோடு ஆறாவதாக வந்த கருவிக்கும் உரிய இடம் எதுவெனத் தெளிவாகும்.